இரண்டாம் நம்பர் வண்டியின் மைலேஜ்

2025 ஜனவரி 6, திங்கள்

மார்கழியில் கல்யாணம் ஏது. மண்டபங்களுக்குப் பாத்திரமும் நாற்காலியும் ஏற்றிப் போகிற நம் மூன்று குட்டி யானை வண்டிகளும் தெருவோரம் தூங்குகின்றன. இவருக்கு பைபாஸ் ஆகி இரண்டு மாதம். வண்டி, டிரைவர் என்ற கவலையே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் தொழில் என் தலையில். முப்பத்தொரு வருஷம் பேங்கில் அடுத்தவர் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தவள் நான். இவரோ ஒரு கிலோமீட்டர் ஓட என்ன செலவு என்றே தெரியாமல் பதினெட்டு வருஷம் தொழில் நடத்தியிருக்கிறார். கேட்டால், மாசக் கடைசியில் கையில் மிஞ்சுவதுதான் கணக்கு என்கிறார்.

இன்று நோட்டில் கட்டம் போட்டுவிட்டேன். டீசல், டயர், ஆயில், சம்பளம், பேட்டா, இன்ஷூரன்ஸ், எஃப்.சி. எல்லாவற்றையும் கூட்டி, ஓடிய கிலோமீட்டரால் வகுத்தால் முடிந்தது. இதற்கா இத்தனை வருஷம்?

இரண்டாம் நம்பர் வண்டிக்குப் பின் டயர் இரண்டும் மாற்றியாயிற்று. ஒரு சைஸ் பெரியது கடையில் விற்காமல் கிடந்தது, பேரம் பேசி வாங்கினேன். அந்த வண்டி ஓட்டும் மெஹபூப் அலி பாய் முகம் சுளித்தார். மீட்டர் அது இது என்று ஏதோ சொன்னார். இவருடைய முதல் டிரைவர், அதனால் எதிலும் ஒரு அபிப்பிராயம். சாயங்காலம் வாசலில் நின்று காபி குடித்தபடியே அன்றைய கிலோமீட்டரை வாயால் சொல்லிவிட்டுப் போகிறவர். இனிமேல் எழுத்தில் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

டயரில் மிச்சம் ரூ. 3,200. அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 8, சனி

ஜனவரி மாதக் கணக்கு முடிந்தது. ஒன்றாம், மூன்றாம் வண்டிகள் லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர். டிசம்பர் வரை இரண்டாம் வண்டியும் பதினைந்துதான் என்று இவரே சொல்லியிருக்கிறார். இப்போது பதின்மூன்று புள்ளி எட்டு. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். தினம் அரை லிட்டர் எங்கேயோ போகிறது. மாதத்துக்குப் பதின்மூன்று லிட்டர், ஆயிரத்து இருநூறு ரூபாய்.

பாய் காலில் புதுச் செருப்பு. அதையும் குறித்து வைக்கிறேன்.

பிப்ரவரி 10, திங்கள்

நம் வண்டிகள் டீசல் போடும் லஸ் பக்கத்து பங்க்குக்கு நானே போனேன். பாய் வண்டியோடு நின்றிருந்தார். நம் மற்ற இரண்டு டிரைவர்களும் இருந்தார்கள், வெளி டிரைவர்கள் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இருக்கட்டுமே, நாலு பேருக்குத் தெரிந்தால்தான் மற்றவர்களுக்கும் பயம் வரும் என்று நினைத்தேன்.

"தினம் அரை லிட்டர் எங்கே போறது பாய்? ஆத்துக்குக் கொண்டு போறேளா, இல்லே வித்துடறேளா?"

அவர் என்னையும் அவர்களையும் பார்த்தார். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே மாமி."

சொன்ன கதையெல்லாம் போதும் என்றேன். திருட்டு என்ற வார்த்தையையும் சொன்னேன். என் கையிலிருந்த கணக்கு நோட்டின் மேல் வண்டிச் சாவியை வைத்துவிட்டு அவர் நடந்தே போனார். டீசல் போடுகிறவர் பைப்பைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. "கணக்கு தப்பா இருக்குமோன்னு ஒரு தடவையாவது தோணித்தா, வைதேகி?" என்று கேட்டார். செருப்பு பொங்கலுக்கு இவர் வாங்கிக் கொடுத்ததாம்.

எண் எப்படிப் பொய் சொல்லும்?

பிப்ரவரி 20, வியாழன்

தி. நகரில் கேட்டரிங் நடத்தும் ஸ்வர்ணலதா போன் செய்தாள். மெஹபூப் வேலை கேட்டு வந்திருக்கிறாராம், ஆள் எப்படி என்றாள். நல்ல டிரைவர், டீசல் விஷயத்தில் மட்டும் பார்த்துக்கொள் என்றேன். ரொம்ப நியாயமாகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டு போனை வைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

புது டிரைவர் அமீன் வந்து ஒரு மாதம். இரண்டாம் வண்டிக் கணக்குப் போட்டேன். பதின்மூன்று புள்ளி எட்டு.

இவனுமா? — என்றுதான் முதலில் எழுதினேன். எழுதிவிட்டு இரண்டு மாதக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பேர், சொல்லி வைத்த மாதிரி ஒரே அளவா திருடுவார்கள்?

மார்ச் 12, புதன்

அமீனோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். பெசன்ட் நகருக்கு நூறு நாற்காலி. போய்த் திரும்ப என் போன் பதின்மூன்று கிலோமீட்டர் காட்டியது. வண்டி மீட்டர் பன்னிரண்டு. மீட்டர் கெட்டுப் போச்சா என்று கேட்டேன்.

"மீட்டரு நல்லாத்தான் கீது மாமி. பின்னாடி டயரு பெரிசு. பெரிசா இருந்தா சுத்து கம்மி, அப்ப கிலோமீட்டரும் கம்மியாத்தான் காட்டும். இது எல்லா டிரைவருக்கும் தெரியும்."

எல்லா டிரைவருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து ஜனவரி 6-ஐத் திருப்பிப் பார்த்தேன். "மீட்டர் அது இது என்று ஏதோ சொன்னார்." என் கையெழுத்து. ஏதோ. அவர் சொன்னது ஒரே ஒரு விஷயம், அதைக் காதில் வாங்காமல் 'ஏதோ' என்று எழுதி வைத்திருக்கிறேன். வண்டி ஓடவேண்டிய தூரம் ஓடியிருக்கிறது, குடிக்கவேண்டிய டீசலைக் குடித்திருக்கிறது. குறைந்தது மீட்டரில், அதுவும் நான் வாங்கிய டயரால். ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு, அதுவும் இல்லாத ரூபாய்க்கு, ஒரு மனுஷனைப் போய்... சே. என்ன வாய் இது.

இவரிடம் சொன்னேன். நாளைக்குப் போ என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 13, வியாழன்

ராயப்பேட்டையில் சந்துக்குள் வீடு. பாய் உள்ளே தொழுதுகொண்டிருந்தார். அவர் மனைவி வஜீஹா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். பாதி குடித்த பிறகுதான் இது ரம்ஜான் மாதம், அவர்கள் எல்லாரும் நோன்பு என்று உறைத்தது. மீதியைக் குடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. ஒரு மாதமாக நிரந்தர வேலை இல்லை என்று அவள்தான் சொன்னாள். போகிற இடத்திலெல்லாம் டீசல் பேச்சு முன்னாலேயே போய் நிற்கிறதாம்.

அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதேன்.

"என்கிட்ட சொல்லி இன்னா மாமி? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். எங்க சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

மார்ச் 15, சனி

பங்க்கில் அதே டீ கூட்டம். சொன்னேன். குரலே எழும்பவில்லை. பின்னால் நின்ற ஒருவர், "இன்னாவாம்?" என்று பக்கத்து ஆளைக் கேட்டார். மறுபடி முதலிலிருந்து சத்தமாகச் சொல்லவேண்டியதாயிற்று. மெஹபூப் பாய் ஒரு சொட்டு எடுக்கவில்லை, நான் வாங்கிய டயர் தப்பு, அவர் அன்றைக்கே சொன்னார், நான் கேட்கவில்லை. அன்றைக்குத் திட்டும்போது இருந்த குரல் எங்கே போயிற்று?

ஸ்வர்ணலதாவுக்கும் போன் செய்தேன். வேறு ஆள் போட்டாயிற்றாம்.

மார்ச் 17, திங்கள்

பழைய சைஸ் டயர் மாட்டியாயிற்று. மிச்சம் ரூ. 3,200-ஐ அடித்தேன்.

ஏப்ரல் 9, புதன்

ரம்ஜான் முடிந்ததும் இவர் போனில் கூப்பிட்டார், பாய் வந்துவிட்டார். இவருக்காக வந்தார், எனக்காக இல்லை, அது எனக்குத் தெரியும். மூன்றாம் வண்டி டிரைவர் சொந்த ஊருக்கே போய்விட்டதால் அமீன் அதற்கு மாறிவிட்டான். இரண்டாம் வண்டி மறுபடி பதினைந்து காட்டுகிறது. சந்தோஷப்படத் தெரியவில்லை.

காலையில் வண்டி எடுக்கும் முன் பாய் மீட்டரைப் படம் பிடித்து என் போனுக்கு அனுப்புகிறார். டீசல் போட்டால் பில்லோடு இன்னொரு படம். நான் கேட்கவில்லை, வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லியும் பார்த்துவிட்டேன். சாயங்காலம் ஒரு சின்ன நோட்டோடு வாசலில் நிற்கிறார். தேதி, புறப்பட்டது, திரும்பியது, லிட்டர். கடைசியில் அவரே கோடு போட்டு ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார், என் கையெழுத்துக்கு.

இன்று காபியைக் கலந்து கையிலேயே எடுத்துப் போனேன்.

"வேணாம் மாமி. இங்க ஒரு கையெழுத்து."

போட்டேன்.