வெண்டல், என் மஸ்டாங் விற்பனைக்கு இல்லை

வெண்டல்,

பத்து மணிக்கு என் காரைப் பார்க்க ஒருவர் வருவார். கார் இங்கே இருக்காது. நான் அதை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போகிறேன். வருபவருக்கு நீயே பதில் சொல்.

நேற்று நீ போனில் பேசியது என் காதில் விழுந்தது. "என் வீட்டுக்காரம்மாவால இப்பல்லாம் ஓட்ட முடியலங்க, அதான் கொடுத்துடலாம்னு..." யாரால் ஓட்ட முடியவில்லை? இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான். அந்தச் சம்பளத்தில் எனக்கென்று வாங்கிக்கொண்டது இந்த மஸ்டாங் ஒன்றுதான்.

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்தத் தாழ்ந்த இருக்கையில் உட்கார உன்னால்தான் முடியவில்லை. போன வாரம் கதவைப் பிடித்துக்கொண்டு நீ பல்லைக் கடித்ததைப் பார்த்தேன். "டோரீன், கால் மடங்க மாட்டேங்குது" என்று என்னிடம் சொன்னால் கிரீடம் இறங்கிவிடுமா? பழியை என் தலையில் போடுகிறாயே!

பீன்ஸ் சூப் அடுப்பின் மேல் இருக்கிறது. சுடவைத்துக் குடி.

டோரீன்

பி.கு: நாலு மணிக்கு வருவேன். காரின் மடக்குக் கூரையைத் திறந்துவிட்டால் நீ தலை குனிய வேண்டியதில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்காரலாம். ஆனால் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கார் கதவைத் திறப்பேன்.