உன் குதிகாலில் சோதித்த லென்ஸ்

ஒரு வாரமாக மழை விடவில்லை. இன்று காலை அலமாரியைத் திறந்தால் புடவைகளிலெல்லாம் ஈர வாடை. சட்டென்று கேமரா லென்ஸ் ஞாபகம் வந்தது. காற்றுப் புகாத டப்பாவிலிருந்து அதை எடுத்து, இரண்டு பக்க மூடியையும் கழற்றி, ஒரு முனையில் போன் டார்ச்சைப் பிடித்து மறுமுனை வழியாகப் பார்த்தேன். கண்ணாடிக்குள் பூஞ்சை எதுவும் இல்லை. இல்லை என்று தெரிந்த பிறகும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தப் பழக்கம் உன்னுடையது.

இன்சூரன்ஸ் அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசையில் இருந்தாய். இடிபட்ட கார்களுக்கும் தீப்பிடித்த கடைகளுக்கும் நஷ்டஈடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது உண்மையா என்று பார்ப்பது உன் வேலை. சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அந்த வேலையையும் கூடவே எடுத்துக்கொண்டு போவாய். ரிச்சர்ட்ஸ் டவுனில் உங்கள் வீட்டில், சர்ச்சுக்குக் கிளம்பும் முன் உன் அக்கா கேஸ் சிலிண்டரை மூடிவிட்டேன் என்று சொன்னால், நீ உள்ளே போய் ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவாய். காய்காரர் "இன்னைக்கு வந்த சரக்கு" என்றால், "எந்த இன்னைக்கு?" என்று கேட்பாய். என் கல்யாணத்தில் என் வீட்டுக்காரரிடமே, "உங்களுக்குக் கோபம் வருமா வராதா? உண்மையைச் சொல்லுங்க" என்று கேட்டவள் நீ. பாவம், மாலையும் கழுத்துமாக அவர் முழித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஜோகுபாளையத்தில் எங்கள் மொட்டைமாடியில் கறிவேப்பிலைத் தொட்டி ஒன்று இருந்தது. அதில் வந்து முட்டையிடும் பட்டாம்பூச்சியைப் படமெடுக்கத்தான் மிகச் சின்னதைப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ்மேல் எனக்கு ஆசை வந்தது. கேமராவோடு வந்த லென்ஸில் கிட்டே போனால் எல்லாம் மங்கிவிடும். தள்ளி நின்றால் முட்டை கடுகு அளவுகூடத் தெரியாது. விலை மலிவான ஜூம் லென்ஸ் ஒன்றில் மேக்ரோ என்று பொறித்திருப்பதை உன்னிடம் காட்டினேன்.

"மேல எழுதிட்டா ஆச்சா? பூச்சி எவ்ளோ பெருசோ அவ்ளோ பெருசா உள்ள விழுமா, கேட்டியா?"

கேட்டேன். பூச்சியின் நிஜ அளவில் கால்வாசிதான் கேமராவுக்குள் விழும் என்றார்கள். அன்றிலிருந்து லென்ஸ் வாங்குவது உன் வேலையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாய்.

முதலில் ஜீவனஹள்ளியில் ஒருவர் பழைய லென்ஸ் விற்கிறார் என்று போனோம். நூறு மில்லிமீட்டர் மேக்ரோ, பாதி விலை. எனக்குக் கை பரபரத்தது. நீ லென்ஸைத் தொடவே இல்லை. முதலில் அவரைத்தான் பார்த்தாய்.

"ஏன் விக்கிறீங்க?"

"ஃபாரின் போறேன் மேடம்."

"அங்க பூச்சி இருக்காதா?"

அவர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. டார்ச்சை அடித்துக் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாய். ஓரத்தில் மெல்லிய வெள்ளை இழைகள், நூலாம்படை மாதிரி.

"அது தூசி மேடம். துடைச்சா போயிடும்."

"தூசி கிளை விட்டு வளருமா சார்?"

படியிறங்கும்போது எனக்கு அந்த மனிதர்மேல் பரிதாபமாகவும் உன்மேல் எரிச்சலாகவும் இருந்தது. "எல்லாரையும் இப்படித்தான் பார்ப்பியா?" என்றேன். "பாத்துட்டு அப்புறம் நம்பலாமே, என்ன அவசரம்?" என்றாய்.

புது லென்ஸே வாங்குவது என்று முடிவாகி, அடுத்த வாரம் ஒரு கேமராக் கடைக்குப் போனோம். அறுபது மில்லிமீட்டர் ஒன்று, நூறு ஒன்று. கடைக்காரர் கன்னடமும் தமிழுமாகப் பேசினார். "ஹண்ட்ரட் பேடா, வேண்டாம் மேடம். உங்களுக்கு சிக்ஸ்டியே போதும். ரெண்டுலயும் படம் ஒரே சைஸ்தான்."

"அப்ப ஏன் ரெண்டு செய்யறாங்க?" என்றாய். இரண்டையும் மாட்டிப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாய். அவர் படமெடுத்துக் காட்டுவதற்கு ஒரு நாணயத்தை வைத்தார். நீ அதை நகர்த்திவிட்டாய். ஸ்டூலில் உட்கார்ந்து, வலது கால் செருப்பைக் கழற்றி, பாதத்தைத் திருப்பி இன்னொரு ஸ்டூலின்மேல் வைத்தாய்.

"இதை எடு."

குதிகாலின் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. மிளகை நசுக்கி ஒட்டினது மாதிரி. கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அறுபதில் எடுத்தபோது லென்ஸ் உன் காலை முட்டுகிற அளவுக்குப் போக வேண்டியிருந்தது. அதன் நிழலே புள்ளிமேல் விழுந்தது. நூறில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தே எடுத்தேன். வெளிச்சம் நன்றாக விழுந்து, தோலின் ரேகைகூடக் கோடு கோடாகத் தெரிந்தது.

"நூறுதான்," என்று சொல்லிவிட்டாய். "அறுபதை வச்சு நீ கிட்டப் போனா பூச்சி பறந்துடும். அதுவுமில்லாம எது கடிக்கும்னு உனக்கு என்ன தெரியும்?"

ஆட்டோவில் வரும்போது, "அந்தக் கால் போட்டோவை அழிச்சிடாத" என்றாய். நாணயத்தை நகர்த்திவிட்டு நீ காலை வைத்தது விளையாட்டுக்கில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏனென்று கேட்டேன்.

"டாக்டர் கிட்டக் காட்டினேன். செருப்பு உராயுதாம். ஒன்னுமில்லன்னாரு. செருப்பு ரெண்டு கால்லயும்தானடி போடறேன்?"

பட்டாம்பூச்சி முட்டையை அந்த லென்ஸில் எடுத்துப் பார்த்தேன். முத்து மாதிரி மஞ்சளாக, அவ்வளவு அழகு. நான் அதிலேயே மூழ்கிப்போனேன். சில மாதம் கழித்து நீயே வந்து செருப்பைக் கழற்றினாய். எடுத்த படத்தைக் கணினியில் பழைய படத்தின் பக்கத்தில் வைத்தேன். புள்ளியின் ஒரு பக்கம் மட்டும், தாளில் மை ஊறின மாதிரி வெளியே பரவியிருந்தது. நிறமும் ஒரே நிறமாக இல்லை.

நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை, ஜீவனஹள்ளிக்காரரைப் பார்த்த அதே பார்வை.

"நீ கிட்ட வச்சு எடுத்திருக்க. அதான் பெருசாத் தெரியுது."

"அப்ப ஓரம் மட்டும் ஏன் மாறியிருக்கு?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தையல் டேப்பைக் காலருகில் வைத்து மறுபடி எடுக்கச் சொன்னாய். எடுத்தேன். கேமராவில் கோளாறு என்றாய். உன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக உன் சந்தேகம் தப்பான திசையில் ஓடியது. தப்பு என்னுடையதாகவே இருந்துவிட வேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன். கடைசியில் நீயே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாய். "ரெண்டையும் பிரிண்ட் போட்டுக் கொடு. வேற டாக்டரைப் பார்க்கலாம்."

அந்த டாக்டரம்மா இரண்டு படத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முந்தின டாக்டர் ஒன்றுமில்லை என்றது பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோலில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். தோல் புற்று. நம் மாதிரி நிறக்காரர்களுக்கு இப்படி உள்ளங்காலிலோ நகத்துக்கு அடியிலோதான் அதிகம் வரும், பலபேர் கவனிப்பதே இல்லை என்றார். குதிகாலில் அகலமாக வெட்டி எடுத்து, தொடைத் தோலை வைத்து ஒட்டினார்கள்.

அதற்குப் பிறகும் சில வருடம் நன்றாகத்தான் இருந்தாய். கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்து அலுவலகம் வந்தாய். சண்டை போட்டாய். என் படங்களைப் பார்த்து, "இந்த எறும்பு உயிரோடதான் இருந்துச்சா, இல்ல செத்ததை ஒட்டி வச்சு எடுத்தியா?" என்று கேட்டாய். பிறகு ஒருநாள் தொடையிடுக்கில் ஒரு கட்டி வந்தது. அதைத் தடவிப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் நீ யாரையும் நம்பவில்லை. நர்ஸ் ஊசி போட வந்தால் மருந்தின் பெயரைப் படித்துக் காட்டச் சொல்வாய். உன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி உள்ளே வந்தால், "வெளிய யார்கூடப் பேசின?" என்பாய். ஒரு சாயங்காலம் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். நான் திரும்பி வந்ததும் கதவைச் சாத்தச் சொன்னாய்.

"என்ன சொன்னாரு?"

"மருந்து மாத்தறாங்களாம்."

"சுமதி, உன் மூஞ்சி நல்ல லைட்ல இருக்கு. நான் கிட்டதான் இருக்கேன். சொல்லு."

சொன்னேன். கல்லீரலுக்குப் போய்விட்டது, இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்று அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன். நீ அழவில்லை. தலையணையில் சாய்ந்து மூச்சை விட்டாய். "எல்லாரும் பொய் சொல்றாங்கன்னு தெரிஞ்சிக்கிட்டே படுத்திருக்கறதுதான்டி பேஜார்" என்றாய். அன்று சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். அதற்குப் பிறகு என்னிடம் மட்டும் எதையும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அந்த நம்பிக்கையோடுதான் போனாய்.

நீ போனபின் வெகுநாள் லென்ஸை நான் தொடவில்லை. போன கோடையில், என் வீட்டுக்காரர் காலை நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, கட்டைவிரல் நகத்துக்கு அடியில் ஒரு கறுப்புக் கறை கண்ணில் பட்டது. குனிந்து விரலைப் பிடித்து, இது என்ன என்று கேட்டேன்.

"கதவுல இடிச்சிக்கிட்டேன்டி. ஒன்னுமில்ல."

"எந்தக் கதவு? எப்ப?"

அவருக்கு ஞாபகம் இல்லை. டேப்பை வைத்துப் படமெடுத்தேன். வாராவாரம் எடுத்தேன். அவர் கத்தக் கத்த, உன்னுடைய அதே டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். படங்களை வரிசையாகப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"ரத்தக்கட்டுதான்மா. நகம் வளர வளர கறையும் மேல போகுது பாருங்க. அடியில சுத்தமா நல்ல நகம் வருது. உங்க படத்துலயே இருக்கே."

வீடு வரைக்கும் ஆட்டோவில் என் வீட்டுக்காரர் என்னைக் கிண்டல் செய்துகொண்டே வந்தார். ஆட்டோக்காரரிடமும் சொல்லிச் சிரித்தார். எனக்கு ஒரு துளி கோபம் வரவில்லை. இன்னும் சொல்லுங்கள், இன்னும் சிரியுங்கள் என்றிருந்தது. சந்தேகம் பொய்யாகிப்போனால் மனசு இவ்வளவு லேசாகும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. உனக்கும் அது ஒரே ஒருமுறையாவது கிடைத்திருக்கக் கூடாதா.

இப்போதும் சந்தேகப்படுகிறேன். யார் காலைப் பார்த்தாலும், யார் ஒன்றுமில்லை என்றாலும். ஒவ்வொரு முறையும் என் சந்தேகம் தோற்றுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் கிட்டப் போய்ப் பார்க்கிறேன்.