ஐந்து ஐம்பது வண்டி

மார்ச் 3, செவ்வாய்

நகரத்தின் கடைசி ஓரத்தில் வீடு வாங்கியிருக்கிறோம் என்றதும் அக்கா சிரித்தாள். "அதுக்கப்புறம் மேப்பே கிடையாதேடி!" சிரிக்கட்டும். ஆணி அடிக்க யாரிடமும் கேட்கவேண்டாம் என்பதன் அருமை, ஏழு வாடகை வீடு மாறியவளுக்குத்தான் தெரியும். இன்றைக்கும் சமையலறையில் ஒன்று அடித்தேன். மாட்டத்தான் எதுவும் இல்லை.

அதைவிடப் பெரிய பாக்கியம் காலை ஐந்து ஐம்பது பஸ். ரத்தப் பரிசோதனைக் கூடத்தை ஏழு மணிக்குத் திறக்கவேண்டியவள் நான். வெறும் வயிற்றோடு வந்து நிற்பவர்களிடம் எந்தச் சாக்கும் எடுபடாது. கடைசி நிறுத்தத்தில் கிளம்பினால் ரயில்வே கேட் வரை நடுவில் நிறுத்தமே இல்லை. ஆனால் எங்கள் டிரைவர் ஒவ்வொரு தெருமுனையிலும் நிறுத்தி ஏற்றிக்கொள்வார். ஐம்பது வயதிலும் மடிப்புக் கலையாத சட்டை, அதனால் எங்களுக்கு அவர் 'மாப்பிள்ளை'. நேற்று கதவைப் பூட்டிக்கொண்டே கை காட்டினேன். முகம் சுளிக்காமல் நின்றார். தங்கமான மனுஷன்!

மார்ச் 6, வெள்ளி

வண்டியில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். கடைசி நிறுத்தத்தில் முப்பது பேராவது ஏறவேண்டுமாம். எண்ணிப் பார்த்ததில் நான்கு பேர். அடுத்த மாதம் முதல் வண்டி ரயில்வே கேட்டிலிருந்தே கிளம்பும்.

நான்கா? நிற்க இடமில்லாமல் போகிற வண்டிக்கா? எண்ண வந்தவர் கடைசி நிறுத்தத்திலேயே உட்கார்ந்து எண்ணிவிட்டுப் போயிருக்கிறார். நாங்களோ அவரவர் தெருமுனையில் சொகுசாக நின்றிருக்கிறோம்.

மார்ச் 7, சனி

கேட் வரை நடந்து பார்த்தேன். நாற்பது நிமிடம். பாதி வழிக்கு விளக்கில்லை, நாய்கள் உண்டு. என் வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிந்து வரவே காலை எட்டாகிவிடும், கொண்டுபோய் விட ஆளில்லை. வேலையை விடுவதா, வீட்டை விடுவதா? "பாத்துக்கலாம்" என்கிறார். என்னத்தைப் பார்ப்பது?

மார்ச் 12, வியாழன்

மாப்பிள்ளை வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "திங்கள், செவ்வாய் ரெண்டு நாள் மறுபடி எண்ண வர்றாங்க. தெருமுனையில நிறுத்த மாட்டேன். எல்லாரும் நடந்து வந்து ஏறிடுங்க."

மாலை வீடுவீடாகப் போய்ச் சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது.

மார்ச் 16, திங்கள்

ஊருக்கெல்லாம் சொன்ன நான் தூக்கக் கலக்கத்தில் பழக்கப்படி தெருமுனையில் போய் நின்றேன்! கை காட்டினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னல் முழுக்கத் தெரிந்த முகங்கள், ஒரே சிரிப்பு.

ஒரு ஆள்தானே, ஏத்தினா என்னவாம்? கல்நெஞ்சுக்காரன் —

கூடத்தை ஏழே முக்காலுக்குத் திறந்தேன். ஒரு பெரியவர் படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

ஐந்தரைக்கே நிறுத்தத்தில் இருந்தேன். நாங்கள் ஐம்பத்திரண்டு பேர்.

மார்ச் 24, செவ்வாய்

வண்டி தப்பித்தது! அறிவிப்பைக் கிழித்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கென்று பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டு ஏறினால், அவர் இருக்கையில் வேறு ஒருவர்.

கண்டக்டர் தம்பி குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "மறுபடி எண்ணணும்னு எழுதிக் குடுத்ததே அவர்தான்க்கா. 'நிறுத்தமில்லாத எடத்துல தினமும் ஆள் ஏத்தினேன், அதான் கணக்கு குறைஞ்சது'ன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. சும்மா விடுவாங்களா? வேற ரூட்டுக்கு மாத்திட்டாங்க. அவரு வீட்டுலேர்ந்து அங்க போகவே ஒன்றரை மணி நேரம் ஆகுதாம்." கொஞ்சம் பொறுத்து, "அன்னிக்கு உங்கள விட்டுட்டு வந்ததுக்கு வழியெல்லாம் புலம்புனாருக்கா" என்றான்.

மார்ச் 16 பக்கத்தைக் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை. இருக்கட்டும், எனக்கு வேண்டியதுதான். அந்த மனுஷனுக்கு எவ்வளவு பெரிய மனசு!

மார்ச் 29, ஞாயிறு

பதினொரு பேர் சேர்ந்து நகரத்தின் மறுகோடிக்குப் போனோம். இரண்டு வண்டிகளை விட்டுவிட்டுக் காத்திருந்தோம். மூன்றாவது அவருடையது. சட்டை மடிப்பு அப்படியே இருந்தது.

"எல்லாரும் எங்கம்மா கிளம்பிட்டீங்க?"

"எங்கயும் இல்லண்ணே. சும்மாதான்."

அவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துவிட்டு வண்டியை எடுத்தார். கடைசி நிறுத்தம் வரை நாங்கள் யாரும் இறங்கவில்லை.