விண்டோஸில் மட்டும் சிவப்பு

செவ்வாய், குளுவாங்

குழந்தைகளின் எடையைப் பார்த்து மருந்தளவு கணக்கிடும் எங்கள் புள்ளியியல் மென்பொருள் நாளை கிளினிக்குகளுக்குப் போகிறது. மாலையில் தானியங்கிச் சோதனை லினக்ஸிலும் மேக்கிலும் பச்சை காட்டியது, விண்டோஸில் மட்டும் சிவப்பு: ஒரு சோதனை தோற்றிருந்தது. நர்சரி மூடப்போகிறது, பாப்பாவை எடுக்க வேண்டும். அந்த ஒரு சோதனையை விண்டோஸில் ஓடாதபடி நிறுத்திவிட்டுக் கிளம்பினேன். எல்லாம் பச்சையானது. மேலாளர் மிஸ் லிம் பாராட்டிச் செய்தி அனுப்பினார்.

சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"மூணுல ரெண்டு பாஸ்லா. எஸ்பிஎம் பரீட்சைல நான் இதவிட மோசம்."

"கிளினிக்ல இருக்கிறதெல்லாம் விண்டோஸ்தாங்க."

அவர் சிரிப்பு நின்றது. "நம்ம பாப்பா போற கிளினிக்கா?"

"அங்கயும்தான்."

இப்போது அந்தச் சோதனையைத் திறந்து பார்த்தேன். பெயர்களை விண்டோஸ் வேறு வரிசையில் அடுக்குகிறது. ஒரு குழந்தையின் எடை இன்னொரு குழந்தையின் பெயரில் ஏறுகிறது.

நாளை அனுப்ப வேண்டாம், சோதனையை நிறுத்தியது நான்தான் என்று மிஸ் லிம்முக்கு எழுதினேன். படித்துவிட்டார். ஏதோ எழுதுகிறார் என்று போன் காட்டுகிறது. நிற்கிறது. மறுபடியும் எழுதுகிறார். இவ்வளவு நேரம் என்னதான் எழுதுகிறார்?