டோப்பாவின் மேல் பொறாமை

ஐப்பசி, வியாழன் ராத்திரி

எழுதவே வெட்கமாக இருக்கிறது. இன்று ஒரு டோப்பாவின் மேல் பொறாமைப்பட்டேன்.

காலையில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பொண்ணு கேட்டாள். "சினைப்பையில கேன்சர்னு ஆபரேஷன் பண்ணப்புறம், வூட்டுக்காரரோட சேந்து இருக்கீங்களாக்கா?"

"அவருக்கு நைட் ஷிஃப்ட், எனக்கு மொத்தமா லீவும்மா" என்று சிரித்து மழுப்பினேன். ஒருநாள் சேர்ந்திருந்தபோது எரிச்சல் தாங்காமல் நான் கத்தியதிலிருந்து அவர் கீழே பாயில்தான் படுக்கிறார். என்மேல் அருவருப்போ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம், கீமோவில் முடி கொட்டியதிலிருந்து போடும் டோப்பாவைக் கழற்றி, குவிந்து கிடந்த போர்வையை ஒட்டித் தலையணையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். கரண்டு போனது. ரசக் குண்டானோடு திரும்பினால், எதிர்க் கம்பெனியின் ஜெனரேட்டர் விளக்கு மட்டும் கட்டிலில் விழுகிறது. அங்கே ஒரு பொம்பளை போர்வைக்குள் முதுகு காட்டிப் படுத்திருக்கிறாள். அவர் அவள் முடியைக் கோதுகிறார்.

"தூங்கிட்டியா மேரி? உனக்கு வலிக்குமேன்னு பயந்துகினுதான் கீழ படுக்கிறேன். வேற இன்னா?"

நான் செத்துப்போய் வாசலில் நின்று பார்ப்பதுபோல் உடம்பு சில்லிட்டது.

"யோவ், நான் இங்க கீறேன்யா. அது டோப்பா."

அலறி அதைத் தூக்கி எறிந்தார்.

இன்று அவர் ஷிஃப்டுக்குப் போகவில்லை, பாயும் விரிக்கவில்லை. என் மொட்டைத் தலையைத் தடவியபடியே கட்டிலில் தூங்கிவிட்டார்.

அவர் எறிந்த டோப்பா என் கையிலிருந்த ரசக் குண்டானில் விழுந்தது. இன்னும் அதில்தான் கிடக்கிறது.