பத்துப் பேருக்குத்தான் இடம்

கிஸ்ஸிமி, புளோரிடா
ஜூலை 14

அன்புள்ள மொரீனுக்கு,

கிளெண்டா எழுதிக்கொள்வது. இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீங்கள் எழுந்து உட்கார்ந்து ஏதாவது சாப்பிடுகிற நிலையில் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். போன் செய்திருக்கலாம். ஆனால் நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷம் யாராவது ஒருத்தர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம். வருஷா வருஷம் செப்டம்பரில் ஜெனெலின் பள்ளிக்கூடப் போட்டோவோடு நீங்கள் எழுதின கடிதங்களில் ஒன்றுக்குக்கூட நான் பதில் போட்டதில்லை. அதற்கெல்லாம் சேர்த்து இப்போது எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது தடவை கீமோ மருந்து ஏற்றியாகிவிட்டது, வாயெல்லாம் புண், தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை என்று டேரல் சொன்னார். முன்னாள் புருஷனிடம் அவருடைய மனைவியின் உடம்பைப் பற்றி நான் எவ்வளவுதான் துருவித் துருவிக் கேட்பது? அதனால் உங்களிடமே கேட்கிறேன். வலி இருக்கிறதா? தூக்கம் வருகிறதா? எனக்குப் பதில் எழுதப் பிடிக்கவில்லை என்றால் ஆரனை விட்டு இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜெனெலும் வெஸ்லியும் அக்டோபர் 12 காலை ஏழரைக்கு, நான் வேலை பார்க்கிற இந்தத் தீம் பார்க்கில், ஏரிக்கரையில் மோதிரம் மாற்றிக்கொள்வதாக முடிவாகிவிட்டது. கேட் திறப்பதற்கு முன்னால் இருபது நிமிஷம் தருவார்கள். இங்கே செய்கிற கல்யாணங்களில் சின்னதும் இதுதான், மலிவானதும் இதுதான். பெண் மாப்பிள்ளையையும் சேர்த்துப் பத்தே பேர். பதினோராவதாகக் கைக்குழந்தை வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டில் நாலு பேர். இந்தப் பக்கம் டேரல், நீங்கள், உங்கள் மகன் ஆரன், ஜெனெலின் தோழி ஒருத்தி. என் பெயர் இல்லை.

இதைக் குறையாக எழுதவில்லை. நாலு வயதுக் குழந்தையை விட்டுவிட்டுப் பாட்டிலோடு கிளம்பிப் போனவள் நான். வளர்த்தது நீங்கள். உங்களை அவள் அம்மா என்கிறாள், என்னைக் கிளெண்டா என்கிறாள். அதில் ஒரு தப்பும் இல்லை. அப்படியும் என்னை ஒரேயடியாகத் தள்ளிவைக்கவில்லை பாருங்கள். “கிளெண்டா, அப்புறம் நடக்கற பார்ட்டிய நீ பாத்துக்கறியா? இருபத்தாறு பேரு. கையக் கடிக்காம இருக்கணும், அவ்வளவுதான்” என்று கேட்டாள். சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அப்புறம் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் பாதி, வயிற்றெரிச்சலில் பாதி.

பார்க் ஆபீசில் விருந்துக்கு என்ன ஆகும் என்று விசாரித்தேன். அங்கே இருந்த பெண் சொன்ன தொகை என் ஆறு மாதச் சம்பளம். சிரித்த முகம் மாறாமல் சொன்னாள், இங்கே எங்களுக்கு முதல் பாடமே அதுதான். நம் இந்தியானாவில் சர்ச்சின் கீழ்த்தளத்தில் செய்வோமே, கேக், வறுத்த முந்திரி, வெண்ணெய் மிட்டாய், பழச்சாறு கலந்த பஞ்ச், அதோடு விருந்து முடிந்தது என்று. அதையே செய்துவிடலாம் என்றிருக்கிறேன். ராட்டினத்துக்குப் பின்னால் கூரை போட்ட இடம் ஒன்று இருக்கிறது. என் சூப்பர்வைசர் லெராய், “பதினொண்ணுலேருந்து ஒரு மணி வரைக்கும் வெச்சுக்கோ, நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டார். இந்த வாரம் அழைப்பை அனுப்பிவிடுவேன்.

ஒரு உதவி. ஜெனெலின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பச்சை நிறத்தில் ஒரு பஞ்ச் கலக்குவீர்களாமே. அதன் பக்குவத்தை எழுதி அனுப்ப முடியுமா? நானாகக் கலந்தால் அவள் ஒரு வாயிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கிளெண்டா

கிஸ்ஸிமி
ஆகஸ்ட் 19

அன்புள்ள மொரீனுக்கு,

பஞ்ச் பக்குவம் கிடைத்தது. எலுமிச்சை ஐஸை அரை மணிக்கு முன்னாலேயே போட்டால் கரைந்து சாக்கடைத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும் என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறீர்கள். நடுங்குகிற கையோடு அடிக்கோடும் போட்டிருக்கிறீர்களே என்று வேலைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கே நான் செய்து வைத்திருக்கிற காரியத்தைக் கேளுங்கள். இருபத்தாறு பேருக்கும் அழைப்பு போய்விட்டது, ராட்டினத்துக்குப் பின்னால் பதினோரு மணிக்கு வாருங்கள் என்று. பத்து நாள் கழித்து வெஸ்லியின் அத்தை போன் செய்து, “டிக்கெட்டெல்லாம் நீங்கதானே தர்றீங்க?” என்று கேட்டார். இருபத்தொரு வருஷமாகப் பின்பக்கக் கேட்டில் அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போய்வருகிறேன். பார்க்குக்குள் கால் வைக்க ஒரு ஆளுக்கு நூறு டாலருக்கு மேல் ஆகும் என்பது எனக்கு நினைவிலேயே இல்லை. லெராயும் அட்டைக்காரர்தானே, அவருக்கும் உறைக்கவில்லை. கேக்கும் முந்திரியும் சாப்பிட நூறு டாலர் கொடுத்து யார் வருவார்கள்? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வெஸ்லியின் அம்மா ஜெனெலைக் கூப்பிட்டு, “உன்னோட அந்த இன்னொரு அம்மா தமாஷான ஆளுதான்” என்றாராம். ஜெனெல் என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் திட்டவில்லை. “பரவால்ல கிளெண்டா, எனக்குப் பழக்கம்தான்” என்றாள். அந்தப் பழக்கத்தை அவளுக்கு உண்டாக்கினவள் நான்தான், மறுத்துப் பேச என்ன இருக்கிறது.

பிறகு ஒவ்வொருவருக்கும் போன் செய்து இடம் மாற்றினேன். நான் குடியிருக்கிற டிரெய்லர் வீட்டுக் குடியிருப்பின் பொதுக்கூடம். இருபத்தாறு மடக்கு நாற்காலி சொந்தமாகவே இருக்கிறது. கூரையில் ஒழுகின கறை ஒன்று இருக்கிறது, அதற்குக் கீழே கேக்கை வைக்கமாட்டேன். மூன்று மணிக்கு அங்கே பிங்கோ ஆட்டம். சனிக்கிழமை பிங்கோவை யாருக்காகவும் தள்ளிப்போடமாட்டார்களாம், இறந்தவரின் துக்கத்துக்கே தள்ளிப்போட்டதில்லையாம். ஆகவே இரண்டரைக்குள் துடைத்துப் பெருக்கிக் கொடுத்துவிட வேண்டும். பெருக்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, அந்தக் கவலை விடுங்கள்.

உங்களுக்காகச் சிலது யோசித்து வைத்திருக்கிறேன். கூடத்தின் பின்வாசலில் படி இல்லை, சக்கர நாற்காலி வண்டி நேராக உள்ளே வரும். பக்கத்து அறையில் ஒரு சோபா இருக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு படுக்கலாம். வாய்ப்புண்ணுக்கு உறுத்தாமல் மசித்த உருளைக்கிழங்கும் குளிர வைத்த முலாம்பழமும் வைப்பேன். பன்றி இறைச்சி வாடை ஆகாது என்று டேரல் சொன்னதால் அதை எடுத்துவிட்டுக் கோழிதான்.

ஜெனெல் போன் செய்யும்போதெல்லாம் பூவைப் பற்றி ஒரு வார்த்தை, கேக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசுகிறாள். அதற்கப்புறம் “அம்மா வந்துருவாங்கல்ல?” என்று கேட்கிறாள். என்னிடம் போய்க் கேட்கிறாள் பாருங்கள். உங்களிடம் கேட்கப் பயம். வந்துவிடுவார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னைப் பொய்யாக்கிவிடாதீர்கள், அவளிடம் ஏற்கெனவே நிறையப் பொய் சொன்னவள் நான்.

இப்படிக்கு,
கிளெண்டா

கிஸ்ஸிமி
செப்டம்பர் 22

அன்புள்ள மொரீனுக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. கூடவே, பார்க் ஆபீசுக்குக் கொடுக்க வேண்டிய பத்துப் பேர் பட்டியல் பாரமும். உங்கள் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் என் பெயரை உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். நான் வரமாட்டேன், என் இடத்தில் நீ உட்கார், பெற்றவள் நீதானே என்று. ஆறு நாளாக அதற்குப் பதில் எழுத முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிரித்துப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். உங்கள் வியாதியை நினைப்பதற்கு முன்னால் என்ன கவுன் போடலாம் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் கடைக்குப் போய் நீல நிறத்தில் ஒன்றை உடுத்திக் கண்ணாடியில் பார்த்தும் ஆகிவிட்டது. அப்படிப்பட்ட புத்தி எனக்கு. அந்த நாற்காலி எனக்கு வேண்டும் மொரீன். இந்தப் பிறவியில் வேறு எதையும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை, குடியைத் தவிர.

செவ்வாய்க்கிழமை டேரலைக் கூப்பிட்டேன். டாக்டர் போகக்கூடாது என்று சொல்லவில்லையாம், உங்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டாராம். நீங்கள்தான், மொட்டைத் தலையும் எலும்புமாக நான் போய் நின்றால் கல்யாண போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் பிள்ளைக்கு என் சாவுதான் நினைவு வரும் என்று சொன்னீர்களாம். டேரல் அதைச் சொல்லி முடிக்கவில்லை, போனில் அழுதுவிட்டார். நான் அவரோடு குடித்தனம் செய்த ஆறு வருஷத்தில் அவர் அழுது பார்த்ததில்லை.

உங்களுக்கு நான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லாமல் அந்தப் பாரத்தைத் தொட எனக்கு அருகதை இல்லை. ஜெனெலுக்கு ஆறு வயதிலிருந்து பதினாறு வரை, ஜூன் மாதம் ஒரு நாள் அவளை இங்கே கூட்டி வருவீர்கள். இந்தியானாவில் நம் மன்சியிலிருந்து பதினைந்து மணி நேரம் கார் ஓட்டி. டேரல் சின்னப் பிள்ளை ஆரனோடு விடுதியில் இருப்பார். நீங்கள் கேட் வரைக்கும் வந்து அவளை என்னிடம் விட்டுவிட்டு, பஸ் நிற்கிற இடத்து பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பீர்கள். நான் குடித்துவிட்டு வந்தால் ஓடிவந்து தூக்கிக்கொள்ளத்தான் உட்கார்ந்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். முதல் வருஷம் நீங்கள் கேட்டீர்கள், “எனக்கும் ஒரு பாஸ் இருக்குமா? ஒரு ஓரமா நடந்து வரேன்” என்று. தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். வேலை பார்க்கிற எங்களுக்குத் தருகிற இலவச பாஸில் இன்னும் மூன்று என் பையில் இருந்தன. ஒவ்வொரு வருஷமும் இருந்தன. டிக்கெட் நினைவே இல்லை என்று போன கடிதத்தில் எழுதினேனே, உங்கள் விஷயத்தில் நன்றாக நினைவிருந்தது. ஒரு நாளாவது அவள் என் கையை மட்டும் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று பதினோரு ஜூன் உங்களை வெயிலில் வைத்தேன்.

அவள் என்ன செய்வாள் தெரியுமா? ராட்டினத்தில் ஏறி இறங்கியதும் “இத அம்மாகிட்ட சொல்லணும்” என்பாள். ஐஸ்கிரீம் தின்றால் “அம்மாவுக்கு இது பிடிக்கும்” என்பாள். உள்ளே வராமலே அந்த நாளெல்லாம் நீங்கள் எங்களோடுதான் நடந்தீர்கள். இந்த ஊர் பார்க்கில் கல்யாணம் வேண்டும் என்று அவள் ஏன் கேட்டாள் என்று நினைக்கிறீர்கள்? எனக்காக என்று நானும் கொஞ்ச நாள் பெருமைப்பட்டுக்கொண்டேன். போன மாதம் கேட்டேன். “அம்மா ஒரு தடவகூட உள்ள வந்ததில்ல, கிளெண்டா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமைதான் பட்டியல் கொடுக்கக் கடைசி நாள். நீங்கள் அனுப்பின பாரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பழைய பட்டியலையே கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். பத்தாவது பெயர் உங்களுடையது. இனி யார் நினைத்தாலும் மாற்ற முடியாது, இந்த ஆபீசைப் பற்றி எனக்குத் தெரியும். நீங்கள் வராவிட்டால் அந்த நாற்காலி வெறுமனே கிடக்கும், மோதிரம் போட்டுக்கொள்ளும்போது அவள் அதைத்தான் பார்ப்பாள். கோபித்துக்கொள்ளுங்கள். வந்து நேரில் கோபித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன், இதில் என் சுயநலமும் இருக்கிறது. விருந்தினர்தான் பத்துப் பேர், வேலைக்காரர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். நாற்காலி வண்டியில் வருகிறவர்களைத் தள்ள எங்களில் ஒரு ஆளைப் போடுவார்கள், கடைசி வரை கூடவே நிற்க வேண்டும் என்பது விதி. அன்றைக்கு அந்த வேலையை லெராயிடம் கேட்டு வாங்கிவிட்டேன். சீருடையில்தான் நிற்பேன், போட்டோவில் விழமாட்டேன், வாயைத் திறக்கமாட்டேன். நீங்கள் வந்தால்தான் எனக்கும் அங்கே இடம் உண்டு. வேன் நிற்கும் இடத்திலிருந்து ஏரிக்கரை வரை நேற்று வெறும் வண்டியைத் தள்ளிப் பார்த்தேன். கல் பதித்த இடத்தில் மட்டும் குலுங்குகிறது, மெதுவாகத் தள்ளிக்கொள்கிறேன்.

தலைக்குத் துணி கட்டிக்கொண்டு வாருங்கள், கட்டாமலும் வாருங்கள். ஒரு மணி நேரம் இருந்தால் போதும். அதற்குப் பிறகு நடப்பது நடக்கட்டும் என்று எழுதவந்தேன், கை ஓடவில்லை. கடவுள் அந்தப் பன்னிரண்டாம் தேதி வரைக்கும், அதற்கு மேலும் எத்தனையோ தேதிகளுக்கும், உங்களை எங்களுக்கு விட்டுவைக்கட்டும். இந்தத் தடவை உங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போகிற ஆள் நானாக இருக்க விடுங்கள், மொரீன்.

அக்டோபர் 12 காலை ஆறே முக்காலுக்கு, பக்கவாசல் கேட்டில், வண்டியோடு காத்திருப்பேன்.

உங்கள்,
கிளெண்டா