அவர் முகமும் என் கறுப்புக்கொடியும்

மே 9, வெள்ளி

காலையிலிருந்து பனிமூட்டம். பேக்கரி போர்டுக்கு மஞ்சள் இரண்டாவது பூச்சு. காய்வேனா என்கிறது.

மத்தியானம் துரைசாமி மூச்சிரைக்கக் கடைக்குள் வந்தார். ஆளுங்கட்சியின் ஊர்ப் பொறுப்பாளர் (இனிமேல் து.சா.). வியாழக்கிழமை பிரதமர் ஏற்காடு வருகிறாராம், மலர்க் கண்காட்சி திறந்துவைக்க. ஏரிப் பக்கம் அவர் முகம் வேண்டும், மாடி உயரத்துக்கு. வரைய இருந்த சேலத்து ஆர்ட்டிஸ்ட் கையை உடைத்துக்கொண்டார்.

"சரோஜாம்மா, நீங்கதானுங்க காப்பாத்தோணும்."

இதுவரை நான் வரைந்ததிலேயே பெரியது பல் டாக்டர் போர்டில் உள்ள கடைவாய்ப் பல். வாய் தானாகச் சரி என்றுவிட்டது. அவர் போன பிறகுதான் உறைத்தது. எனக்கு அந்த ஆளைப் பிடிக்காதே! ஓட்டும் போடவில்லை.

ஆனாலும் மாடி உயரம். கை குறுகுறுவென்று இருக்கிறது.

வாங்க: வெள்ளை எனாமல், பழுப்பு, கொஞ்சம் சிவப்பு, அகலப் பிரஷ், சாரத்துக்குக் கயிறு. அரிசி.

மே 10, சனி

தலைச்சோலைத் தோட்டத்திலிருந்து அண்ணன் வந்தது. நான் வரைகிற செய்தி அங்கே ஏற்கெனவே போய்விட்டிருக்கிறது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவன் மூஞ்சிய நீ வரையறயா?"

அண்ணன் மாட்டுத் தரகருக்குக்கூட 'ங்க' போடும். பிரதமருக்கு 'அவன்'.

கோபத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் தோட்டத்துக் காபியை நாங்களே விற்க முடியாது. மொத்தத்தையும் அரசு வாரியத்துக்கே கொடுக்க வேண்டும். சிறு விவசாயிகளாவது நேராக விற்கட்டும் என்று மனுமேல் மனு. போன தடவை சேலத்துக் கூட்டத்தில் இந்தப் பிரதமர், மலைக்காரர்களுக்கு வியாபாரம் தெரியாது, ஏமாந்துவிடுவார்கள் என்று பேசிவிட்டுப் போனார். அன்றைக்கு நானும்தான் கொதித்தேன்.

"வியாழக்கிழம கறுப்புக்கொடி காட்டறோம். நீ அங்க அவனுக்குப் பூசி மொழுகிட்டு நில்லு."

"தொழிலுங்ணா."

"தொழிலா? மருவாதி பண்ற."

சோறு போட்டும் சாப்பிடாமல் கிளம்பிவிட்டது. பஸ் வரும்வரை வாசலிலேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

மே 12, திங்கள்

முகம் எழும்புகிறது!! கடை வாசலில் சாரம் கட்டி, போட்டோவில் கட்டம் போட்டுப் பலகையில் பெரிதாக ஏற்றினேன். ஒரு கண் மட்டும் என் முழங்கை நீளம். கிட்டத்தில் வெறும் பழுப்புத் திட்டு. சாரத்தை விட்டு இறங்கி ரோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பினால், பார்க்கிறார். கத்திவிட்டேன். டீக்கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

து.சா. வந்தார். கண்ணுக்குக் கீழே பை வேண்டாமாம், கழுத்துச் சுருக்கம் வேண்டாமாம். "பத்து வயசு கொறச்சுப் போடுங்கம்மா. பெரியவங்களுக்கு ஒரு மரியாதை."

"இருக்கற மொகத்த இருக்கற மாதிரி போட்டாத்தானுங்க மரியாதை. நீங்க சொல்றது வேற."

முனகினார். வேறு ஆள் கிடையாது, போய்விட்டார்.

பை அப்படியே இருக்கிறது. நன்றாகவே வந்திருக்கிறது. சரியாகத் தூங்காத மனுஷன் போல.

சாயங்காலம் மும்தாஜ் அக்காவின் துணிக்கடை. மழை வந்தால் படத்தை மூடும் படுதாவுக்குத் தையல். அக்காவிடம் கேட்டேன், பிடிக்காதவருக்கு மரியாதை தரவேண்டுமா என்று.

"புடிக்காதவங்க ஊட்டுக்கு வந்தா தண்ணி குடுக்காம உடுவமா கண்ணு?"

விருந்தாளிக்குச் சரி. ஆனால் இவர் விருந்தாளியா? நாம் வேலைக்கு வைத்த ஆள் அல்லவா? நான் ஓட்டுப் போடாவிட்டாலும் எனக்கும் சேர்த்துத்தானே பிரதமர்? அப்படியென்றால் கேள்வி கேட்கும் உரிமை எனக்கு இன்னும் கூடுதல்.

அக்கா ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரித்தது. "கேளு. கும்புட்டுட்டுக் கேளு."

கும்பிட்டுவிட்டால் அப்புறம் கேட்க வாய் வருமா? தெரியவில்லை. முதுகு வலி. சந்தோஷ வலி.

மே 14, புதன்

ஏற்றியாயிற்று! ஏரிக்கு எதிரே, அந்த உயரத்தில். படகுக்காரர்கள் துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நாகலூர் பஸ்ஸில் வந்த ஒருத்தி, "அப்படியே உசுரோட நிக்கறாருங்க" என்றாள். எனக்குக் கால் தரையில் இல்லை.

அதே பஸ்ஸிலிருந்து இறங்கிய இரண்டு பேர் நான் நிற்பதைக் கவனிக்காமல் என் பக்கத்திலேயே பேசினார்கள். "தார எடுத்து மூஞ்சில அப்பிட்டாப் போதும், நாளைக்குப் பேப்பர்ல வந்துரும்."

அண்ணனோடு திரியும் ஆட்கள். ஓடினேன். சந்தைக்குப் பின்னால் அண்ணன், கையில் தார் டின்.

"படத்துல கை வெச்சா நான் உங்க தங்கச்சியே இல்லீங்ணா."

"படத்துக்காகச் சொல்றயா, அவனுக்காகச் சொல்றயா?"

உண்மையைச் சொன்னேன். முதலில் படத்துக்காகத்தான். நாலு நாள் முதுகு ஒடிந்த வேலை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அப்புறம் தானாக வந்தது.

"நாம திட்டப் போறமா, கேக்கப் போறமா? கேக்கறதுன்னா மூஞ்சியப் பாத்துக் கேக்கோணும். அதுல தாரப் பூசிட்டு எதப் பாத்துக் கேப்பீங்க? பேப்பர்ல தாரு வரும், காபி வருமா?"

அண்ணன் டின்னைக் கை மாற்றிக்கொண்டது.

"நாளைக்கு நானும் கொடி புடிக்கறனுங்ணா. எனக்கும் கோவம் இருக்குது."

அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தது. டின்னைக் கீழே வைத்தது.

அந்தத் தாரையே எடுத்து, மும்தாஜ் அக்கா கொடுத்த வெள்ளைத் துணியில் எழுத உட்கார்ந்தேன். 'எங்கள் காபியை நாங்களே விற்க விடு' என்றது அண்ணன். 'விடுங்கள்' என்றேன் நான். "கெஞ்சற மாதிரி இருக்குது" என்று மறுபடி சண்டை. கடைசியில் இரண்டும் இல்லாமல்: 'எங்கள் காபி. விற்பதும் நாங்களே.' இரண்டு பேருக்கும் பிடித்தது. தாரில் எழுத்து என்னமாய் நிற்கிறது!

மே 15, வியாழன்

வரிசையாகச் சொல்ல வராது.

விடியும்போதே கூட்டம். கொடி காட்டுகிறவர்களைக் கயிறு கட்டி ரோட்டோரம் நிறுத்தினார்கள். நேர் எதிரே என் படம். என்னைக் கண்டதும் து.சா. முகம் வெளுத்துவிட்டது.

"ஏனுங்க சரோஜாம்மா, படமும் நீங்களே, கறுப்புக்கொடியும் நீங்களேவா?"

"ஆமாங்க."

"இது அடுக்குமாங்க?"

"ரெண்டுமே மனசாரத்தானுங்க."

என்னத்தையோ சொல்லத் திறந்த வாயோடு மாலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கார்கள் வந்துவிட்டன.

முன் சீட்டில் அவர். நான் வரைந்ததைவிடச் சின்ன ஆள்! படத்துக்கு எதிரே கார் மெதுவாகப் போனது. கண்ணாடியை இறக்கி நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே விரலால் கண்ணுக்குக் கீழே தடவிக்கொண்டார், சிரித்தார். பிறகு இந்தப் பக்கம் திரும்பினார். கறுப்புக்கொடிகள். எங்கள் துணி.

கார் நின்றது. போலீஸ் லத்தியைக் குறுக்கே பிடித்தது. பின்னாலிருந்து யாரோ "ஒழிக" என்றார்கள். அவர் கையைக் காட்டி ஒருவரை வரச் சொன்னார். அண்ணன்தான் முன்னால் நின்றது. அதையே கயிற்றுக்கு அந்தப் பக்கம் விட்டார்கள்.

'அவன் இவன்' என்று ஆரம்பித்துவிட்டால்?

"ஐயா, நாங்க ஏமாற மாட்டமுங்க. ஏமாந்தாலும் அது எங்க காபிதானுங்களே. நாங்களே விக்கோணும்."

குனியவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. அதிகாரி ஒருவர் மொழிபெயர்த்தார். பிரதமர் கேட்டுக்கொண்டார். துணியைக் காட்டி ஏதோ கேட்டார். பதிலுக்குச் சொன்னது, பார்க்கிறேன் என்பதுதானாம். சரி என்றும் இல்லை, முடியாது என்றும் இல்லை.

திரும்பி வந்த அண்ணனுக்கு வேர்த்து ஊற்றியது. "பாக்கறானாம்... பாக்கறாராம். பாக்காட்டி மறுக்கா வருவோம்."

கார் நகரும்போது எங்கள் பக்கம் பார்த்துக் கை கூப்பினார். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சிலர் கொடியை இன்னும் உயரத் தூக்கினார்கள். எனக்கு இரண்டு கையிலும் கொடிக்கம்பு. கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டேன். துணி என் தலைக்கு மேலே படபடவென்று அடித்துக்கொண்டேதான் இருந்தது.

அடுத்த தடவையும் அவருக்கு என் ஓட்டு கிடையாது.

இடி. மழை வருகிறது. படம் நனையப் போகிறது, அண்ணன் ஏணியும் படுதாவுமாக வெளியே நின்று கத்துகிறது, போக வேண்டும்.